நம்ம ஊர்ல எங்க?

ஹிஸ்டரி டீச்சரோடு பஸ் ஏறுவதென்றாலே எனக்குப் பயம். அவர் சும்மா வரமாட்டார்.

ஒரு முறை, கூட வேலை பார்த்த டீச்சர் ஒருத்தியின் வளைகாப்புக்காக ஐயம்பேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தோம். பஸ்ஸில் ஏகக் கூட்டம். கண்டக்டர் "பின்னாடி போ, பின்னாடி போ" என்று எல்லோரையும் நெட்டிக்கொண்டே வந்தார். கூடைக்காரப் பெண்கள் நசுங்கிப்போய் நின்றார்கள். ஹிஸ்டரி டீச்சர் என் பக்கம் திரும்பி, வகுப்பில் பேசுகிற அதே குரலில் சொன்னார்: "பாருங்க கணக்கு டீச்சர், அதிகாரம்னா இதுதான். மூணே கேள்வி. யார் சொல்றது? யார் கேக்கறது? கேக்கலன்னா இன்னா ஆவும்?"

கண்டக்டர் காதில் விழுந்துவிட்டது. "இன்னா ஆவும்? எறக்கி வுட்ருவேன், அவ்ளோதான்" என்றார்.

ஹிஸ்டரி டீச்சருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மூன்றாவது கேள்விக்குக் கண்டக்டரே பதில் சொல்லிவிட்டாரே என்று அவரையே பாராட்டினார். பஸ்ஸே சிரித்தது, கண்டக்டரும் சிரித்தார். நான் மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அது எமர்ஜென்சிக்கு முந்தின கதை.

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் பிடிக்காது என்பதல்ல. எனக்கு இன்னமும் எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான். ஊரில் எல்லோருக்கும் அவர் ஹிஸ்டரி டீச்சர். நான் கணக்கு டீச்சர். பிள்ளையார்பாளையத்தில் ஒரே வீட்டின் இரண்டு போர்ஷனில் குடியிருந்தோம். நானும் என் கணவரும் முன்பக்கம், அவர் தனியாகப் பின்பக்கம். பட்டு நெய்கிற ஊரில் இருந்துகொண்டு அவர் நூல் சேலை தவிர வேறு கட்டியதில்லை. கஞ்சி போட்டு மொடமொடவென்று இருக்கும். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்க எனக்குத் துணிச்சல் வந்ததில்லை. கேட்டால் கல்யாணத்துக்கும் அந்த மூன்று கேள்விகளைப் போட்டுவிடுவார்.

பள்ளியிலும் என் வகுப்பும் அவர் வகுப்பும் அடுத்தடுத்து. நடுவில் சுவர் கிடையாது, ஒரு மூங்கில் தட்டிதான். அவர் பாடம் முழுக்க என் காதில் விழும். என் பெண்கள் அல்ஜீப்ரா போடுகிற பாவனையில் பிரெஞ்சுப் புரட்சியைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நானும்தான்.

அவருடைய முறை ஒன்றே ஒன்று. உலக வரலாற்றில் பெரிய பெரிய சொற்கள் வருமே, நிலமானிய முறை, ஏகாதிபத்தியம், முதலாளித்துவம் என்று, அதில் ஒன்றைக் கரும்பலகையில் எழுதுவார். புத்தகத்தில் உள்ளதைச் சொல்லுவார். ஐரோப்பா, சீனா எல்லாம் சுற்றிவருவார். கடைசியில் சாக்பீஸை மேஜைமேல் வைத்துவிட்டு, "சரி, இது நம்ம ஊர்ல எங்க?" என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் வராமல் பாடம் முடியாது. வெள்ளைக்காரன் ஊரில் மட்டும் இருக்கிற சொல்லை மனப்பாடம் பண்ணி என்ன பயன், நாளைக்கு அது வாசலில் வந்து நின்றால் அடையாளம் தெரிய வேண்டாமா என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார்.

பெண்களுக்கு அது விளையாட்டு மாதிரி. நிலமானிய முறைக்கு ஒருத்தி கோயில் நிலக் குத்தகையைச் சொன்னாள். ஏகாதிபத்தியத்துக்கு ஒருத்தி எழுந்து, தன் அக்காவின் மாமியாரைச் சொன்னாள். முதலில் அடுப்படி, பிறகு அலமாரிச் சாவி, பிறகு அக்காவின் நகை, கடைசியில் அக்காவின் புருஷன் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டாராம். தட்டிக்கு இந்தப் பக்கம் என் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நான் அதட்டுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இருமினேன்.

அந்த வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கூலி நெசவுக்காரர் மகள். காலையில் அப்பாவின் தறியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கரை நூல் ஓடுகிற நாடாவைத் தள்ளி, கரையைச் சேலை உடலோடு இணைக்கிற கோர்வை போட்டுக் கொடுத்துவிட்டு அவசர அவசரமாகப் பள்ளிக்கு வருவாள். எந்தக் கேள்விக்கும் முதல் கை அவளுடையதுதான். ஹிஸ்டரி டீச்சருக்கு அவள்மேல் தனிப் பிரியம், வெளியே காட்டமாட்டார்.

முதலாளித்துவம் நடந்த அன்றைக்கும் அவள்தான் எழுந்தாள். "தறி எங்க வூட்லதான் டீச்சர் இருக்குது. பட்டு அவரோடது, சரிகை அவரோடது, டிசைனும் அவரோடது. எங்களுது கை மட்டும்தான்" என்றாள். யாருடையது என்று பேர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அந்த முதலாளியின் மகள் அதே வகுப்பில் இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாளே முதலாளி பள்ளிக்கு வந்துவிட்டார். ஹிஸ்டரி டீச்சர் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, அந்தப் பெண் சொன்னதில் எது தப்பு என்று மரியாதையாகக் கேட்டார். மனிதர் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "தப்பு ஒண்ணும் இல்லீங்க. ஆனா சொல்லலாமா?" என்றார். எழுந்து போய்விட்டார்.

சண்டை இல்லாமல் முடிந்ததே என்று நான் பெருமூச்சு விட்டேன். முடியவில்லை. அந்த வாரம் அந்தப் பெண்ணின் அப்பா நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த சேலைக்கான நீள இழைகளை, பாவை, கேட்கப் போனபோது, இப்போதைக்குப் பாவு இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். பாவு இல்லாவிட்டால் தறி வெறும் கட்டை. அடுத்த வாரமும் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அந்தப் பெண் பள்ளிக்கு நேரத்தோடு வர ஆரம்பித்தாள். காலையில் கோர்வை போட வேலை இல்லையே. அவள் முகம் வாடிப்போயிருந்தது.

ஒரு சாயங்காலம் ஹிஸ்டரி டீச்சர் என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனார். விவாதம் பண்ணத்தான் போகிறார் என்று நினைத்தேன். அங்கே போய் அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. நின்றபடியே, தன் பாடம்தான் தப்பு, பெண்மேல் பிழையில்லை, மன்னிக்க வேண்டும் என்றார். முதலாளி பதறிப்போய், "ஐயையோ, இன்னாமா நீங்க, உக்காருங்க" என்றார். மறுநாள் பாவு வந்தது.

திரும்பி வந்ததும் அவர் வீட்டு வாசலில் நின்று, "பதில் சொல்றது அவ, விலை கொடுக்கறது அவங்க அப்பா. நான் வெறும் கேள்வி கேக்கறவ. எனக்கு என்ன போச்சு?" என்றார். அவருக்கும் பயம் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. என் பயம் எனக்காக இருந்தது. அவர் பயம் வேறு மாதிரி. அது எனக்கு இன்னும் பெரிதாகத் தோன்றியது.

பிறகு எமர்ஜென்சி வந்தது. முதலில் எங்கள் பக்கம் அவ்வளவாக உறைக்கவில்லை. ஆபீசுக்கு எல்லோரும் நேரத்தில் வருகிறார்கள், பஸ் சரியாக ஓடுகிறது என்று ஸ்டாஃப் ரூமில் சிலர் மெச்சிக்கொண்டார்கள். எழுபத்தாறு பிறந்து, மெட்ராஸில் இருந்த ஆட்சியையும் கலைத்தபிறகுதான் ஊரின் பேச்சே மாறியது. இன்னாரைப் போலீஸ் ஜீப்பில் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம் என்பார்கள். எங்கே என்றால் தெரியாது, எப்போது வருவார் என்றால் அதுவும் தெரியாது. டீக்கடை பெஞ்சில் பேப்பரை வாசிப்பார்கள், ஆனால் ஒருவரும் வாய்விட்டு வாசிக்கமாட்டார்கள். பேச்சைக் குறைத்து வேலையைக் கூட்டச் சொல்லிச் சுவரில் எழுதியிருந்தது. பேச்சு மட்டும் குறைந்தது.

என் கணவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. சாப்பிட்டுக்கொண்டே, பின்பக்கக் கதவைக் கண்ணால் காட்டி, "உன் சிநேகிதி வாயைக் கொஞ்சம் கட்டச் சொல்லு. அந்த அம்மா பேசறதுக்கு இந்த வூட்டு அட்ரஸும் சேந்துதான் போவும்" என்றார். 

அந்த நாட்களில்தான் ஜீப் வந்தது.

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் விடிந்ததும் பாவு நீட்டுவார்கள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை இழையாகப் பிரித்துவிட்டுக் காயவிடுவார்கள். ஒரு வீட்டுப் பாவென்றாலும் தெருவே கை கொடுக்கும். பாவு நீட்டியிருந்தால் அந்தத் தெருவில் வண்டி வராது. மாட்டு வண்டியானாலும் முதலாளியின் காரானாலும் அடுத்த தெருவாகச் சுற்றித்தான் போகும். இது எழுதாத சட்டம். காயாத பாவைச் சுருட்டினால் இழையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகிவிடும் என்பது அங்கே பால்குடிக் குழந்தைக்கும் தெரியும்.

நாங்கள் இருவரும் பள்ளிக்குக் கிளம்பி, பாவின் ஓரமாக நடந்துகொண்டிருந்தோம். தெருக்கோடியில் ஒரு சர்க்கார் ஜீப் வந்து நின்றது. ஹாரன்கூட அடிக்கவில்லை. யாரும் இறங்கவில்லை. ஆனால் பாவின் இருபுறமும் நின்றவர்கள் அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மளமளவென்று கட்டுகளை அவிழ்த்து, ஈரப் பாவைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். யாரும் யாரையும் அவிழ்க்கச் சொல்லவில்லை. பாவுக்குச் சொந்தக்காரர், அந்தக் கோர்வைப் பெண்ணின் அப்பாதான், சுருட்டிய பாவைப் பச்சைக் குழந்தையை அணைக்கிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். கஞ்சி அவர் வேட்டியில் வழிந்தது. நொடியில் தெரு காலி.

ஜீப் மெதுவாக ஊர்ந்து வந்து நடுத்தெருவில் நின்றது. உள்ளே யாரோ பெரிய ஆபீசரின் சம்சாரம். பட்டுச் சேலை நேராகத் தறியிலேயே எங்கே கிடைக்கும் என்று விசாரித்தாள். யாரோ கையைக் காட்டினார்கள். ஜீப் போய்விட்டது.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஹிஸ்டரி டீச்சர் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். வாயிலிருந்த கிராம்பைத் துப்பினார்.

"யார் சொன்னது?" என்று என்னைக் கேட்டார்.  "யாருமே சொல்லலையேம்மா. கேட்டாங்க. யாருமே சொல்லாததைக் கேட்டாங்க. என் மூணு கேள்வி இதுக்குப் பத்தாது" என்றார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதே இல்லை.

இந்த நேரத்தில் அடுத்த பாடம் சர்வாதிகாரமாக வந்து தொலைந்தது. தலைமையாசிரியை கூப்பிட்டு, அந்தப் பாடத்தைப் பரீட்சைக்குச் சேர்க்காமல் விட்டுவிடலாமே என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். புத்தகத்தில் அச்சாகியிருக்கிற பாடத்தை நடத்தாமல் விட்டால்தான் ஏன் என்ற கேள்வி வரும் என்று இவர் சொன்னார். அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் அந்த வகுப்பு நடந்தபோது தட்டிக்கு இந்தப் பக்கம் நான் ஒரே கணக்கை இரண்டு தரம் போட்டேன். இத்தாலி வந்தது. ஜெர்மனி வந்தது. பத்திரிகைகளை எப்படி அடக்கினார்கள், பக்கத்து வீட்டுக்காரன் பக்கத்து வீட்டுக்காரனை எப்படிக் காட்டிக்கொடுத்தான் என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். கடைசியில் சாக்பீஸை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது. நான் எழுதுவதை நிறுத்தினேன்.

கேள்வி வரவில்லை.

அந்தக் கோர்வைப் பெண்ணின் குரல்தான் கேட்டது. "டீச்சர், நம்ம ஊர்ல எங்கன்னு கேக்கலியே?"

"மணி அடிச்சிட்டாங்கம்மா" என்றார் ஹிஸ்டரி டீச்சர். மணி அடிக்கவில்லை. மணி அடிக்க இன்னும் நிறைய நேரம் இருந்தது. 

சில நாள் கழித்து மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி பள்ளியைப் பார்வையிட வந்தார். இன்முகம் கொண்ட மனிதர், எல்லோரையும் "அம்மா அம்மா" என்றுதான் கூப்பிட்டார். அவரோடு இன்னொருவர் வந்தார். அவர் யார் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர்கள் எந்த வகுப்புக்குள் போனாலும் அந்த இன்னொருவர் கடைசிப் பெஞ்சுப் பக்கம் போய்க் கைகட்டி நின்றார். 

என் வகுப்பில் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. நேராகத் தட்டிக்கு அந்தப் பக்கம் போனார்கள். என்ன பாடம் நடத்தியிருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, அதிகாரி பெண்கள் பக்கம் திரும்பினார் போலிருக்கிறது. "உங்க டீச்சர் எந்தப் பாடம் எடுத்தாலும், இது நம்ம ஊர்ல எங்கன்னு கேப்பாங்களாமே? ரொம்ப நல்ல முறை. சர்வாதிகாரம் நம்ம ஊர்ல எங்க இருக்குது? யார் சொல்றீங்க?" என்றார்.

யார் போய் அவரிடம் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தட்டியின் இடுக்கு வழியாக நான் பார்த்தேன். ஹிஸ்டரி டீச்சர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை, கடைசிப் பெஞ்சு ஆளையும் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணையே பார்த்தார். அன்று முதலாளி வீட்டில் மன்னிப்புக் கேட்டு நின்ற அதே முகம். அன்றைக்குப் போனது ஒரு பாவு. இன்றைக்கு அந்தப் பெண் வாயைத் திறந்தால் போவது என்ன என்று எங்கள் இருவருக்கும் தெரியும். டீச்சரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவள் அப்பாவையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். விசாரித்தவர்கள் எப்போது வீடு திரும்புவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு கைகூட உயரவில்லை. எந்தக் கேள்விக்கும் காடு மாதிரிக் கை முளைக்கிற வகுப்பு அது.

அதிகாரி விடவில்லை. "நீ சொல்லும்மா" என்று கையை நீட்டினார். அந்தப் பெண்ணைத்தான். அவள் எழுந்தாள். பாவாடையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பெருமாளைக்கூடக் கூப்பிடத் தோன்றவில்லை.

"அது வெளிநாட்டுல மட்டும்தான் சார் இருக்குது. நம்ம ஊர்ல இல்ல" என்றாள். சொற்கள் தெளிவாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"வெரி குட்" என்றார் அதிகாரி. பெண்களைக் கைதட்டச் சொன்னார். கைதட்டினார்கள். கடைசிப் பெஞ்சுப் பக்கம் நின்றவர் கைக்கட்டை அவிழ்த்துக்கொண்டு வெளியே போனார். ஹிஸ்டரி டீச்சரின் பாடமுறை மிகச் சிறப்பாக இருப்பதாக எழுதிவிட்டுப் போனார்களாம். தலைமையாசிரியை அன்றைக்கு எல்லோருக்கும் காப்பி வரவழைத்தார். எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஹிஸ்டரி டீச்சர் காப்பியைத் தொடவில்லை.

சாயங்காலம் நான் அவர் போர்ஷனுக்குப் போனேன். விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். தப்பித்தோமே டீச்சர், தெய்வம் காப்பாற்றியது என்றேன்.

"அவ என் வகுப்புல பொய் சொன்னதே இல்லம்மா" என்றார். "பாவு இல்லாம தறி நின்னப்பகூட சொன்னதை மாத்திக்கல. இன்னிக்குச் சொன்னா. யார் சொல்லிக் குடுத்தது? நான் சொல்லல. அவங்க அப்பா சொல்லிருக்க மாட்டாரு, அவரு பேசறதே கம்மி. யாருமே சொல்லல." பிறகு, "அந்தப் பாடம் அவங்களுக்கு நல்லாப் புரிஞ்சிடுச்சு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்டு நான் கேட்டதில்லை. புத்தகத்தில் இருப்பதைச் சொல்லுவார், சாக்பீஸை வைப்பார், முடித்துவிடுவார். அந்தப் பெண்களும் கேட்கவில்லை. என் வகுப்புப் பெண்கள் தட்டிப் பக்கம் காது கொடுப்பதை நிறுத்திவிட்டு ஒழுங்காக அல்ஜீப்ரா போட்டார்கள். ஹிஸ்டரி டீச்சர் பஸ்ஸில் என்னோடு நல்ல பிள்ளையாக வந்தார். கண்டக்டர் பின்னால் போகச் சொன்னால் போனார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யாரோ தெரியாத மனுஷிபோல இருந்தார்.

எழுபத்தேழில் எமர்ஜென்சி போயிற்று. கூட்டிக்கொண்டு போகப்பட்டவர்களில் சிலர் இளைத்துத் திரும்பி வந்தார்கள். டீக்கடையில் மறுபடி வாய்விட்டுப் பேப்பர் வாசித்தார்கள். அந்த வகுப்புப் பெண்களும் பள்ளியை முடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அதற்கும் பிறகு ஒரு காலை, நாங்கள் இருவரும் அதே தெருவில் நடந்துகொண்டிருந்தோம். பாவு நீட்டியிருந்தார்கள். வெயில் பட்டு அரக்கு நிறத்தில் தெரு முழுக்க மின்னியது. பாவின் ஓரத்தில் அந்தக் கோர்வைப் பெண் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு இழை பிரித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கையைப் பாவிலிருந்து எடுக்காமலே, "டீச்சர்" என்று கூப்பிட்டாள்.

ஹிஸ்டரி டீச்சர் நின்றார்.

"அன்னிக்கு அந்த சார் கேட்டதுக்கு நான் சொன்னது தப்பு டீச்சர்" என்றாள் அவள். "சரியான பதில் எனக்கு அப்பவே தெரியும். உங்ககிட்டயாவது சொல்லணும்னு இருந்துகினே இருந்தேன். இப்ப சொல்லட்டுமா?"

ஹிஸ்டரி டீச்சரின் கண் நிறைந்துவிட்டது. அவள் பக்கத்தில் போய், பாவுக்கு மேலே குனிந்து நின்றார். பிறகு நிமிர்ந்து தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் பார்த்தாள். நானும்தான் பார்த்தேன். இரண்டு கோடியிலும் ஒரு வண்டிகூட இல்லை.

"சொல்லும்மா" என்றார் அவர். "மெதுவா சொல்லு."